ஏழு ரவைச் சிறு துப்பாக்கி



ஆயுதங்களின் வரலாறு என்றதும் பீரங்கியும் போர்க்கப்பலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. பாடநூல்களும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே பேசுகின்றன. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பதோ உள்ளங்கையில் அடங்கிவிடக் கூடிய ஒரு கருவி. எந்தப் போரின் வெற்றி தோல்வியையும் அது தீர்மானித்ததில்லை. எந்தப் படைத்தலைவரும் அதை விரும்பிக் கேட்டதில்லை. அதைப் பார்த்துச் சிரித்தவர்களே அதிகம். இருந்தாலும் அதை ஒருமுறை தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால், அதை நிறுத்துப் பார்த்தவர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் எடை தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்றொரு நகரம். அங்கே ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்னும் இரு கூட்டாளிகள் 1857ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 'முதலாம் எண்' என்பதே அதன் பெயர். ஏழு ரவைகள் கொண்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். இதன் சிறப்பு துப்பாக்கியில் இல்லை, அதற்குள் போடப்பட்ட தோட்டாவில் இருந்தது. ஆகவே தோட்டாவின் கதையை முதலில் பார்த்துவிடுவோம். அது இல்லாமல் மற்றது விளங்காது.

அதற்கு முன்பெல்லாம் ஒரு கைத்துப்பாக்கியைச் சுட ஆயத்தம் செய்வது பெரும்பாடு. கறுப்பு வெடிமருந்தை அளந்து போட வேண்டும். அதன்மேல் ஈயக் குண்டை வைத்து இடிக்க வேண்டும். பின்புறத்தில் ஒரு சிறு செப்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். அந்தத் தொப்பிக்குள் இருப்பது பாதரச ஃபல்மினேட் என்னும் பொருள். தட்டினாலே தீப்பொறி கக்கும் தன்மை அதற்கு உண்டு. எட்வர்டு ஹோவர்டு என்னும் ஆங்கில வேதியியல் அறிஞர் 1800ஆம் ஆண்டில் அதைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். இத்தகைய பொருள்களைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தலாம் என்று காட்டி 1807ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபார்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். பறவை வேட்டையில் பிரியமுள்ளவர் அவர். பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் தீப்பொறி பறந்த பிறகே குண்டு புறப்படும். அந்த இடைவெளியில் பறவை பறந்துவிடும். அந்த ஆற்றாமையில் பிறந்தது இந்தக் கண்டுபிடிப்பு. தட்டினால் வெடிக்கும் முறை எப்படிப்பட்டது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தீபாவளிக்குப் பொட்டுவெடி வெடித்த பிள்ளை எதுவும் அதைச் சொல்லிவிடும்.

1845ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் ஃப்ளோபேர் என்னும் துப்பாக்கித் தொழிலாளர் ஒரு வேடிக்கை செய்தார். அந்தச் செப்புத் தொப்பியின் வாயிலேயே ஒரு சிறு ஈயக் குண்டைச் செருகிவிட்டார். வெடிமருந்து தனியாக வேண்டியதில்லை; தொப்பியின் வெடிப்பே குண்டைத் தள்ளிவிடும். அக்காலத்துச் செல்வர்கள் வீட்டுக் கூடத்தில் குறிபார்த்துச் சுட்டு விளையாடுவதற்காக அது பயன்பட்டது. வெறும் விளையாட்டுப் பொருள்தான்.

ஸ்மித்தும் வெஸ்ஸனும் அந்த விளையாட்டுப் பொருளை நீட்டினார்கள். சிறிய செப்புக் குப்பி ஒன்று. அதன் அடிப்பகுதியைச் சுற்றி வெளியே பிதுங்கிய ஒரு விளிம்பு. அந்த விளிம்பின் உட்குழிவில் ஃபல்மினேட். குப்பிக்குள் சிறிது வெடிமருந்து. வாயில் ஈய ரவை. துப்பாக்கியின் சுத்தியல் விளிம்பின் ஓரத்தை நசுக்கினால் போதும், ரவை பறக்கும். விளிம்பில் அடிபட்டு வெடிப்பதால் இதை 'ரிம்ஃபயர்' என்றார்கள். நாம் விளிம்புத் தோட்டா என்று சொல்லிக்கொள்வோம். குண்டு, மருந்து, தீ மூன்றும் ஒரே குப்பிக்குள் அடங்கிவிட்டன. மழையில் நனைந்தாலும் மருந்து எளிதில் கெடுவதில்லை. அடைமழைக் காலத்தில் தீப்பெட்டி நமுத்துப்போவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். அதே 1857ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் வட இந்தியாவில் மீரட் நகரத்துச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள் அல்லவா? அந்தப் பெருங்கிளர்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, என்ஃபீல்டு துப்பாக்கிக்குத் தரப்பட்ட காகிதத் தோட்டா. அதைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சுப் பரவியது. கடிக்கவே வேண்டாத உலோகத் தோட்டா அதே ஆண்டில் உலகின் மறுகோடியில் விற்பனைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் காகிதத் தோட்டாவின் காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேறு வேண்டுமா?

தோட்டா கிடைத்துவிட்டது. அதைச் சுழலும் உருளையில் பின்பக்கமாக நுழைக்க வேண்டுமானால், உருளையின் துளைகள் இருபுறமும் திறந்திருக்க வேண்டும். இது நமக்கு இன்று மிகச் சாதாரணமாகத் தோன்றுகிறது. அக்காலத்தில் இதற்கு ஒருவர் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். அவர் பெயர் ரோலின் ஒயிட். புகழ்பெற்ற சாமுவேல் கோல்ட்டின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அவர் வரைந்து காட்டிய துப்பாக்கி நடைமுறைக்கு உதவாதது. ஆனால் அந்தப் பத்திரத்தில், துளை இருபுறமும் திறந்திருக்கும் என்ற ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக ஸ்மித்தும் வெஸ்ஸனும் 1856ஆம் ஆண்டில் அவரைத் தேடிப் போனார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் 25 காசு அவருக்குத் தருவது என்று உடன்படிக்கை ஆயிற்று. அதோடு ஒரு நிபந்தனையும் சேர்த்தார்கள். காப்புரிமையை யாராவது மீறினால் வழக்காடுவது ஒயிட்டின் பொறுப்பு, செலவும் அவருடையது! இந்த நிபந்தனையை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களை நல்லவர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

சரி, இப்போது தராசை எடுப்போம். முதலாம் எண் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 300 கிராம். அக்காலத்துப் படைவீரர் இடுப்பில் தொங்கிய கோல்ட் துப்பாக்கியோ 1.2 கிலோவுக்குக் குறையாது. சிறு துப்பாக்கியின் ரவை, ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் இருபத்திரண்டு பங்கு அகலமுடையது. எடை 1.9 கிராம். நம் பெண்மக்கள் கணக்கில் கால் பவுன்கூட இல்லை. உள்ளேயிருந்த வெடிமருந்து கால் கிராம் அளவு. பொற்கொல்லர்கள் பழைய நாளில் தராசில் இட்ட குன்றிமணி இரண்டுக்குச் சமம். தோட்டத்தில் பால் நிறுக்கும் தராசில் இந்தத் தோட்டாவை வைத்தால் முள் அசையாது. அந்நாளைய அமெரிக்கக் காலாட்படைத் துப்பாக்கியின் குண்டு 32 கிராம் எடையுள்ளது. அதாவது இதைப்போல் பதினேழு மடங்கு.

இத்தனை சிறிய பொருளை யார் வாங்குவார்கள் என்று நினைக்கலாம். 1861ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அரசாங்கம் இந்தத் துப்பாக்கியைப் படைக்கு வாங்கவில்லை. வீரர்களே கைக்காசு போட்டு வாங்கினார்கள். ஊரை விட்டுப் புறப்பட்ட இளைஞனுக்குக் குடும்பத்தார் வாங்கிக் கொடுத்ததும் உண்டு. போர்க்களத்தில் அது பெரிதாகப் பயன்பட்டது என்று சொல்வதற்கில்லை. இருந்தும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் தொழிற்சாலை திணறியது. 1882ஆம் ஆண்டு வரை, மூன்று வடிவங்களில், ஏறத்தாழ இரண்டரை இலட்சம் துப்பாக்கிகள் அங்கிருந்து வெளிவந்தன. அவை அத்தனையும் மனிதர்களின் சட்டைப்பைக்கும் மேசை இழுப்பறைக்கும் போய்ச் சேர்ந்தவை.

மார்க் ட்வெய்ன் என்னும் நகைச்சுவை எழுத்தாளரை நம்மில் பலர் அறிவோம். அவர் 1861ஆம் ஆண்டில் மேற்கு நோக்கிப் பயணம் போனபோது இந்த ஏழு ரவைத் துப்பாக்கியைத்தான் துணைக்குக் கொண்டுபோனார். பின்னாளில் எழுதிய பயண நூலில் அதைப் பற்றி நன்றாகக் கேலி செய்திருக்கிறார். ஓர் ஆளை வீழ்த்த ஒரு ரவை போதாது என்பது அவருடைய கிண்டல். படித்தவர்கள் சிரித்தார்கள்; இன்றும் சிரிக்கிறார்கள். துப்பாக்கி நூல் எழுதுவோரில் சிலர் இன்றளவும் இந்தக் கிண்டலையே ஒரு மதிப்பீடாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மருத்துவர்களின் தராசு வேறு கணக்குச் சொல்லிற்று. காயங்களைக் கிருமியில்லாமல் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் 1867ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார். அதை உலகம் ஏற்றுக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பு, வயிற்றுக்குள் ஒரு ரவை புகுந்தால், அது பெரியதா சிறியதா என்பது இரண்டாவது கேள்வி. போகும்போது சட்டைத் துணியின் துணுக்கையும் அழுக்கையும் அது உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மருத்துவர் கழுவாத விரலால் காயத்தைத் துழாவுவார். உள்நாட்டுப் போரில் வயிற்றுக் குழியில் குண்டடி பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கவில்லை. பெரிய குண்டு சுடப்பட்டவனை உடனே சாய்த்துவிடும். சிறு ரவை அவனை நிற்கவிட்டு, நான்கு நாள் கழித்துக் காய்ச்சலில் கொண்டுபோகும். எதிரியைத் தடுத்து நிறுத்த அதற்கு வலுவில்லை. கொல்வதற்கு வலு இருந்தது. நம் கருத்தில், இந்தக் கருவியைப் பற்றிய உண்மையான குற்றச்சாட்டு இதுதான். தற்காப்புக்கு என்று சொல்லி விற்கப்பட்ட பொருள், தற்காப்புக்குத் தேவையான ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தது.

ஒயிட்டின் கதையையும் முடித்துவிடுவோம். பிற தொழிலாளர்கள் அவருடைய துளைமுறையைக் களவாடினார்கள். உடன்படிக்கைப்படி அவரே வழக்கு மேல் வழக்காகப் போட்டார். வழக்குகளில் வென்றார், பெற்ற பணத்தில் பெரும்பகுதியை வழக்கறிஞர்கள் வென்றார்கள். 1869ஆம் ஆண்டில் காப்புரிமை முடிந்தது. அதை நீட்டிக்க வழி செய்யும் மசோதா ஒன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் அதிபர் யுலிசிஸ் கிரான்ட், 1870ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். போர்க்காலத்தில் ஒயிட்டின் வழக்குகள் படைக்கு ஆயுதம் கிடைப்பதற்கு இடையூறாக இருந்தன என்று படைக்கலத் துறை முறையிட்டிருந்தது. அந்தப் போரை நடத்தி வென்ற தளபதியே கிரான்ட் என்பதை நினைவில் கொண்டால் அவருடைய மனம் விளங்கும்.

காப்புரிமை என்னும் மதகு திறந்ததும் வெள்ளம் பாய்ந்தது. ஊர் பேர் தெரியாத பட்டறைகளெல்லாம் மட்டமான வார்ப்பிரும்பில் இதே போன்ற சிறு துப்பாக்கிகளை வார்த்துத் தள்ளின. கூலி வேலை செய்பவரும் வாங்கக்கூடிய விலைக்கு அவை இறங்கின. ரெமிங்டன் தொழிற்சாலை 1866ஆம் ஆண்டிலிருந்தே இரட்டைக் குழல் கொண்ட சிறு துப்பாக்கி ஒன்றைச் செய்து வந்தது. சற்றுப் பெரிய விளிம்புத் தோட்டா அதற்கு. 1935ஆம் ஆண்டு வரை அது விற்பனையில் இருந்தது. அதைப் பலர் 'டெரிஞ்சர்' என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் பிலடெல்பியாவில் வாழ்ந்த ஹென்றி டெரிஞ்சர் என்பவருடையது. அவர் செய்தது பழைய செப்புத் தொப்பித் துப்பாக்கி. 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஆபிரகாம் லிங்கனைச் சாய்த்தது அத்தகைய ஒன்றே. அது விளிம்புத் தோட்டாத் துப்பாக்கி அன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

விளிம்புத் தோட்டாவுக்கு ஓர் இயற்கைத் தடை உண்டு. சுத்தியல் நசுக்க வேண்டுமென்றால் விளிம்பின் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய தகடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே வலிய துப்பாக்கிகளுக்கு, நடுவில் அடிபட்டு வெடிக்கும் வேறு வகைத் தோட்டா வந்துவிட்டது. பெரிய விளிம்புத் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எல்லாவற்றிலும் சிறியது மட்டும் மறையவில்லை. 1887ஆம் ஆண்டில் அதன் சற்று நீண்ட தம்பி ஒன்றும் பிறந்தது. விலை மலிவு, ஓசை குறைவு, உதைப்பும் இல்லை. குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு அதைவிட ஏற்றது கிடையாது. ஒலிம்பிக் போட்டிகளில் இன்றும் அதுதான் பயன்படுகிறது. 1857ஆம் ஆண்டின் அந்த முதல் தோட்டாவும் இன்னும் செய்யப்படுகிறது.

விளையாட்டுக்கு ஏற்றதாக இருந்த அதே குணங்கள் வேறு வேலைக்கும் ஏற்றவையாக இருந்தன. 1968ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஓட்டல் ஒன்றின் சமையற்கட்டு வழியாக ராபர்ட் கென்னடி நடந்து வந்தார். கலிபோர்னியா முன்தேர்தலில் வென்று உரையாற்றிவிட்டு வந்த நேரம் அது. எட்டு ரவை கொண்ட ஒரு மலிவான சிறு சுழல் துப்பாக்கி அவரை வீழ்த்தியது. உடனிருந்த ஐவரும் காயமுற்றார்கள். மறுநாள் விடியுமுன் கென்னடி இறந்தார். யாரும் சிரிக்கவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். அதன்பின் அமெரிக்க அரசாங்கம் இந்தச் சிறு துப்பாக்கிகளை உண்மையிலேயே நிறுத்துப் பார்க்கத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கைத்துப்பாக்கி வகைக்கும் மதிப்பெண் போட்டார்கள். தேர்வுத்தாள் திருத்திப் பழகிய நமக்கு இந்த முறை வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நீளத்துக்கு இத்தனை, எடைக்கு இத்தனை, ரவையின் அகலத்துக்கு இத்தனை, காப்பு விசைக்கு இத்தனை என்று ஒரு பட்டியல். சுழல் துப்பாக்கி 45 மதிப்பெண் எடுக்க வேண்டும். மற்றக் கைத்துப்பாக்கி 75 எடுக்க வேண்டும். எடை கூடினால் மதிப்பெண் கூடும். சிறியதும் இலேசானதும் தோற்கும். மறைத்து வைக்க எளிதானதே ஆபத்தானது என்று ஓர் அரசாங்கம் கணக்கெழுதிக் காட்டியது அப்போதுதான்.

ஆனால் அந்தத் தராசில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கென்னடியைக் கொன்ற துப்பாக்கி அமெரிக்காவிலேயே, அதுவும் ஸ்மித்தும் வெஸ்ஸனும் வாழ்ந்த அதே மாசசூசெட்ஸ் மாநிலத்தில் செய்யப்பட்டது. மதிப்பெண் தேர்வோ இறக்குமதிக்கு மட்டும். உள்நாட்டுச் சரக்கு தேர்வே எழுத வேண்டியதில்லை! மேலும், முழுத் துப்பாக்கியைத்தான் தடுத்தார்கள்; உறுப்புகளைத் தடுக்கவில்லை. ஜெர்மனி நாட்டு ரோம் என்னும் தொழிற்சாலையின் உறுப்புகள் கப்பலில் வந்து, மயாமி நகரத்தில் பூட்டப்பட்டு, கடைகளுக்குப் போயின. நம் மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சுடுகருவிச் சட்டமும் சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டமும் இப்படிப்பட்ட வேறுபாட்டுக்கு இடம் வைக்கவில்லை. சுடுவது எதுவோ அது சுடுகருவி. பெரிது சிறிது என்ற பேச்சு அங்கில்லை. கடுமையான சட்டங்கள்தாம். இந்த ஒரு செய்தியில் அவை தெளிவாகச் சிந்தித்திருக்கின்றன என்றே நமக்குப் படுகிறது.

மயாமியில் பூட்டப்பட்ட அத்தகைய துப்பாக்கி ஒன்று 1980ஆம் ஆண்டில் டல்லஸ் நகரத்து அடகுக் கடையில் விலைபோயிற்று. விலை ஐம்பது டாலர்கூட இல்லை. 1981ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30ஆம் நாள், வாஷிங்டனில் ஓர் ஓட்டலின் வாயிலில், ஜான் ஹிங்க்லி என்பவன் அதனால் ஆறு முறை சுட்டான். இரண்டு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு ரவை காரின் மேல் பட்டுத் தெறித்து அதிபர் ரேகனின் இடது கை இடுக்கின் கீழே புகுந்தது. தாம் சுடப்பட்டதை அவர் முதலில் அறியவில்லை. விலா எலும்பு முறிந்ததோ என்று நினைத்தார். வாயில் இரத்தம் வந்த பிறகே கார் மருத்துவமனைக்குத் திரும்பியது. சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது மெல்லிய கீறல் ஒன்றுதான் தெரிந்தது. உள்ளேயோ ரவை இதயத்திலிருந்து ஓர் அங்குலத் தொலைவில் கிடந்தது. அறுவை மருத்துவம் வளர்ந்திருந்ததால் அதிபர் பிழைத்தார். நூறாண்டுக்கு முன்னால் பிழைத்திருக்க வழியில்லை.

அதே ஆறு ரவைகளில் முதலாவது, பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் பாய்ந்தது. அவரும் உயிர் தப்பினார். ஆனால் அதன்பின் சக்கர நாற்காலியில்தான் அவர் வாழ்வு கழிந்தது. அவரும் அவர் மனைவி சாராவும் பல ஆண்டுகள் போராடினார்கள். அதன் பயனாக 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டம் பிறந்தது. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்க வருகிறவரின் பின்னணியை ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சட்டம் பிரேடியின் பெயரையே தாங்கியிருக்கிறது.

2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் பிரேடி காலமானார். அப்போது அவருக்கு வயது 73. உடலை ஆராய்ந்த வர்ஜீனியா மாநில மருத்துவ அதிகாரி, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்ட அந்த ரவையே மரணத்துக்குக் காரணம் என்று கண்டு, சான்றிதழில் 'கொலை' என்று எழுதினார். ஹிங்க்லி மனநோயால் குற்றவாளி அல்லன் என்று முன்பே தீர்ப்பாகியிருந்தது. ஆகவே மீண்டும் வழக்குத் தொடர்வதில்லை என்று 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு வழக்கறிஞர்கள் அறிவித்தார்கள்.